இரண்டாம் கையெழுத்து

கொச்சி விமான நிலையம் இருக்கிற நெடும்பாசேரியில் தேவஸ்ஸி என்று மட்டும் கேட்டால் எந்தத் தேவஸ்ஸி என்பார்கள். அங்கமாலிப் பக்கம் அந்தப் பெயருக்குப் பஞ்சமில்லை. சம்சயம் தேவஸ்ஸி என்று கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே கை காட்டுவார்கள். சம்சயம் என்றால் சந்தேகம். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைவிட அதுதான் மனிதருக்குப் பொருத்தமாக அமைந்தது.

சந்தேகப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். விமானத்தில் சில இடங்கள் உண்டு. அங்கே ஒரு திருகு தளர்ந்தாலும் மேலே போனது முழுசாகக் கீழே வராது. அந்த இடங்களில் ஒருவன் கை வைத்து வேலை முடித்தால், கை வைக்காத இன்னொருவன் வந்து தன் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு, அதன் பிறகு இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டும். முதல் ஆளை நம்பிப் போடுகிற கையெழுத்துக்கு அந்தத் தொழிலில் மன்னிப்பே கிடையாது. செய்தவன் கூடப்பிறந்தவனாக இருந்தாலும் தன்னைக் கெடுக்க வந்தவன் செய்ததாகவே நினைத்துப் பார்க்கச் சொல்லித்தான் பழக்குவார்கள்.

தேவஸ்ஸியை யாரும் பழக்க வேண்டியிருக்கவில்லை. ரோசிலி வாங்கிவந்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்து, கேட் வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். மகளைப் பெண் பார்க்க வந்த பையன் குடும்பத்தைப் பற்றி ஊரே நல்லவிதமாகச் சொன்னபோது, இவர் சத்தமில்லாமல் போய் அந்தப் பையனின் பைக் சங்கிலியைப் பார்த்துவிட்டு வந்தார். சங்கிலியில் எண்ணெய் போட்டிருந்தது, பிரேக் கட்டை தேயவில்லை. அதற்குப் பிறகுதான் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னார். ரோசிலி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். "நல்லவேளை மனுஷா, என்னைக் கட்டறப்ப எங்கப்பாகிட்ட சைக்கிள்கூட இல்ல. இருந்திருந்தா நான் கன்னியாஸ்திரி ஆகியிருப்பேன்."

முதல் கையெழுத்து சுகதனுடையது. களமசேரி ஐ.டி.ஐ.யில் தேவஸ்ஸிக்குக் கீழ் வகுப்பில் படித்தவன், பிறகு ஷார்ஜாவில் ஒரே அறையில் கிடந்தவன், கடைசியில் நெடும்பாசேரியில் ஒரே கம்பெனிக்கு வந்து சேர்ந்தவன். இடது கைக்காரன். பேச்சு அதிகம், வேலை சுத்தம். அவன் முடித்த வேலையைத் தேவஸ்ஸி டார்ச் அடித்துக் குடைந்து பார்க்கும்போது பக்கத்தில் நின்று, "பாருங்க சேட்டா, நல்லாப் பாருங்க, உள்ள என் மாமியார் ஒளிஞ்சிருந்தாலும் இருப்பாங்க" என்பான். ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. தன்னைச் சந்தேகப்பட ஒரு ஆள் இருக்கிற தைரியத்தில்தான் தனக்கு ராத்திரி தூக்கம் வருகிறது என்று மற்றவர்களிடம் சொல்வானாம். மத்தியானம் இருவரும் விமானத்தின் இறக்கை நிழலில், சக்கரம் உருளாமல் முட்டுக்கொடுக்கிற கட்டைமேல் உட்கார்ந்து வாழையிலைப் பொதியைப் பிரிப்பார்கள். சுகதன் வீட்டு மீன் தேவஸ்ஸி இலைக்கும், ரோசிலி வறுத்த இறைச்சி சுகதன் இலைக்கும் போகும். போகும்போதும் வரும்போதும் ஒரே ஸ்கூட்டர், சுகதனுடையது.

இப்படி இருந்தபோதுதான் நோய் வந்தது. வானத்தைப் பூட்டினார்கள்.

வெள்ளத்தில் ஓடுபாதை மூழ்கியபோதுகூட நெடும்பாசேரி இப்படி இருந்ததில்லை. அப்போது தண்ணீர் வடிந்தால் சரியாகிவிடும் என்று தெரியும். இப்போது வடிவதற்குக் கண்ணில் எதுவும் படவில்லை. கம்பெனியின் விமானங்கள் ஓரத்தில் வரிசையாக மூக்கைக் காட்டிக்கொண்டு நின்றன. எஞ்சின் வாய்க்கெல்லாம் சிவப்புத் துணி கட்டியாயிற்று. மனிதர்கள் முகத்துக்குக் கட்டிக்கொண்டதும், அதுகளுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டதாக சுகதன் சொன்னான். விமானம் நின்றால் வேலை நிற்கும் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். ஓடுகிற விமானத்தைவிட நிற்கிற விமானத்துக்குத்தான் ஊழியம் அதிகம். சக்கரம் ஒரே பக்கமாக அழுந்திச் சப்பையாகாமல் உருட்டிவிட வேண்டும். மழைத் தண்ணீரை வடிக்க வேண்டும். இருக்கைகளில் பூஞ்சை பிடிக்காமல் காற்று ஓட்ட வேண்டும். முக்கியமாகக் குளவி. விமானத்தின் மூக்கோரம் வேகத்தை அளக்கச் சின்னக் குழாய் ஒன்று இருக்கிறது. உறை கொஞ்சம் விலகினால் போதும், மண் குளவி உள்ளே வீடு கட்டிவிடும். கட்டியது தெரியாமல் அந்த விமானம் கிளம்பினால் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்றே ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

இதையெல்லாம் பார்க்க இரண்டே பேரைத்தான் வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் எல்லோருக்கும் சம்பளமில்லாத விடுப்பு. முதல் கையெழுத்துக்கு ஒருவர், இரண்டாவதற்கு ஒருவர் என்று வேறு வழியில்லாமல் விட்டுவைத்த கணக்கு அது.

ஊரில் தேவஸ்ஸிக்குப் பால் சொசைட்டிக்காரர் பாட்டிலை மதில்மேல் வைத்துவிட்டுப் போனார். மீன்காரன் இவர் வீட்டு முன்னால் மட்டும் ஹாரன் அடிக்காமல் வேகமாகப் போனான். ஏர்போர்ட்டில் வேலை பார்க்கிறவன் என்றால் நோயையே டிபன் பாக்சில் போட்டுக் கொண்டுவருகிறவன் என்று ஒரு பேச்சு. தேவஸ்ஸிக்கு இதில் வருத்தமே இல்லை. பார்க்கப்போனால் உள்ளூர ஒரு திருப்திகூட. இத்தனை வருடம் இவரைக் கேலி செய்த உலகம் இப்போது கதவுக் குமிழைத் துடைத்தது, நோட்டை வெயிலில் காயவைத்தது, பக்கத்து வீட்டுக்காரன் இருமினால் காதைத் தீட்டியது. ஊர் முழுக்க சம்சயம் தேவஸ்ஸிகள். அவருக்கு சர்க்கரை உண்டு, நெஞ்சில் ஒரு அடைப்புக்கு ஸ்டென்ட் என்கிற வலையும் வைத்திருந்தார். இப்படிப்பட்ட உடம்புக்காரர்கள்தான் முதலில் போவார்கள் என்று டிவியில் சொல்லச் சொல்ல, அவர் எதைத் தொட்டாலும் கையுறையோடுதான் தொட்டார். தொடாமல் விட முடிந்ததைத் தொடாமலே விட்டார். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்தபோது சுகதன் மாறினான்.

முதலில் ஸ்கூட்டர். ரிப்பேர் என்றான், சேட்டன் இனிமேல் பஸ்ஸோ ஆட்டோவோ பார்த்துக்கொள்ள வேண்டும் என்றான். மூன்று சக்கரமானாலும் முப்பது சக்கரமானாலும் தன் கையால் சரிசெய்யத் தெரிந்தவன் ஒரு ஸ்கூட்டரை ரிப்பேரில் போடுவானா? தேவஸ்ஸிக்கு அப்போதே மூக்கில் வியர்த்தது. அந்த வாரமே அத்தாணி முக்கில் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு அதே ஸ்கூட்டரில் சுகதன் போவதைப் பார்த்துவிட்டார். மறுநாள், வண்டி என்ன ஆச்சு என்று ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டார். இன்னும் சாமான் வரலை சேட்டா என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்.

அடுத்தது சாப்பாடு. பசியில்லை என்று ஆரம்பித்தான். பிறகு அதுவும் சொல்வதில்லை. மத்தியானமானால் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்ற விமானத்துக்குள் ஏறிவிடுவான். இருந்ததிலேயே பழைய விமானம் அது, அவர்கள் அதற்குக் கிழவி என்று பெயர் வைத்திருந்தார்கள். தேவஸ்ஸி தனியாகச் சக்கரக் கட்டைமேல் உட்கார்ந்து இலையைப் பிரித்தார். ரோசிலி வழக்கம்போல இரண்டு பேர் அளவுக்கு இறைச்சி வைத்திருந்தாள். தின்றுகொண்டே கண்ணை மட்டும் கிழவியின் படிக்கட்டைவிட்டு எடுக்கவில்லை. அரைமணி நேரம் கழித்து அதே பையோடு சுகதன் இறங்கி, நேராகக் குழாயடிக்குப் போய்க் கையை நெடுநேரம் கழுவுவான். என்ன செய்துவிட்டு வந்தான் என்று இவ்வளவு கழுவுகிறான்?

வீட்டில் சொன்னபோது ரோசிலி இவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சுகதனைச் சந்தேகப்பட்டால் நாக்கு அழுகிவிடும் என்றாள். "என்னன்னு அவன்கிட்டயே கேட்டாப் போச்சு. வாய் இருக்குல்ல?"

கேட்டால் உஷாராகிவிடுவான் என்றார் தேவஸ்ஸி.

"உஷாரு ஆகட்டுமே. அவன் என்ன எலியா? நீரு என்ன பூனையா?"

தேவஸ்ஸி கேட்கவில்லை. அதற்குள் அவர் கண்ணில் பட்டது வேறு ஒன்று.

நின்றுபோன விமானத்திலிருந்து ஒரு சாமானைக் கழற்றி ஓடுகிற விமானத்துக்குப் போடுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். கம்பெனிக்குக் கையில் காசில்லாத காலத்தில் அது இன்னும் கூடும். ஆனால் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. எதைக் கழற்றினாலும் அந்த ஓட்டையில் ஒரு மஞ்சள் அட்டையைக் கட்டித் தொங்கவிட வேண்டும். எங்கே போனது, யார் எடுத்தது என்று அதில் இருக்கும். அட்டை இல்லாத ஓட்டை என்றால் திருட்டு. வேறு அர்த்தம் கிடையாது. கிழவிக்குள் காற்று ஓட்டப்போன ஒருநாள், விமானிகள் உட்காரும் அறையின் வாசலில் நின்று டார்ச் அடித்தார். கருவிகள் பதித்த முன்பலகையில் ஒரு பெட்டி இருந்த இடம் வெறும் கறுப்புச் சதுரமாகத் தெரிந்தது. மஞ்சள் அட்டை இல்லை.

சாதாரண நாளாக இருந்தால் தேவஸ்ஸி அந்த ஓட்டைக்குள் தலையை விட்டிருப்பார், கையை விட்டிருப்பார், பின்னால் தொங்கும் ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்திருப்பார். அன்றைக்கு விடவில்லை. யார் தொட்ட இடமோ, என்ன ஒட்டியிருக்கிறதோ. டார்ச்சை அணைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார். சுகதனிடம் மூச்சு விடவில்லை. கொஞ்ச நாளில் பக்கத்திலேயே இன்னொரு கறுப்புச் சதுரம். அதையும் வாசலில் நின்றுதான் பார்த்தார்.

ஆடி மாதத்தில், அங்கே கர்க்கடகம் என்பார்கள், நம்பியார் கூப்பிட்டு அனுப்பினார். கொச்சி ஸ்டேஷனுக்கு அவர்தான் மேலாளர். கண்ணூர்க்காரர், இனிக்க இனிக்கப் பேசுவார். நாற்காலியைத் தள்ளிப்போடச் சொல்லி, நோயைப் பற்றி, மழையைப் பற்றி, தேவஸ்ஸியின் சர்க்கரையைப் பற்றியெல்லாம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். கிழவியில் சாமான் குறைகிறது, தலைமை ஆபீஸ் கேள்வி கேட்கிறது. உள்ளே போகிறவர்கள் இரண்டு பேர்தான். தேவஸ்ஸி எப்படிப்பட்டவர் என்று தனக்குத் தெரியும், அதனால்தான் இதை அவரிடம் மட்டும் சொல்வதாகச் சொன்னார். அதோடு சேர்த்து இன்னொன்றையும் சொன்னார்.

"ஓணத்துக்கு அப்புறம் ரெண்டு பேரை வெச்சுக்க முடியாது தேவஸ்ஸி. ஒருத்தர்தான். யாரு இருக்கணும்னு நான் எழுதணும். எனக்கும் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல? நீங்க எதையாவது பாத்தா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

அந்த வேலை போனால் தேவஸ்ஸிக்கு வேறு வேலை கிடையாது. ஐம்பத்தைந்தைத் தாண்டியவரை, அதுவும் உலகத்தில் எல்லா விமானமும் தரையில் நிற்கும்போது, யார் கூப்பிடப் போகிறார்கள்? நெஞ்சு வலைக்கு மாத்திரை கம்பெனி இன்சூரன்சில்தான் வந்துகொண்டிருந்தது. மனசு ஒரு பக்கம் சுகதனா என்றது. இன்னொரு பக்கம் ஸ்கூட்டர், பை, குழாயடி, திருப்பிக்கொண்ட முகம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டது. வேலைக்கு ஆபத்து என்று தெரிந்தபிறகு இந்த இரண்டாவது பக்கம்தான் சத்தமாகப் பேசியது. அது ஏன் என்று சந்தேகப்பட அவருக்குத் தோன்றவில்லை.

கடைசியாக ஒருநாள், சுகதன் பையோடு ஏறியதும் தேவஸ்ஸி எழுந்து கிழவியின் படிக்கட்டுக்கு அடியில் போய் நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. மேலே கதவு திறந்துதான் இருந்தது. பத்திரிகைத் தாள் விரிப்பதுபோல ஒரு சரசரப்பு உள்ளே கேட்டது. ஏறினால் தெரிந்துவிடும். கைப்பிடிக் கம்பிவரை கையைக் கொண்டுபோனார். கம்பி ஈரமாக இருந்தது, இப்போதுதான் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறான். காற்றில்லாத குழல்போன்ற விமானத்துக்குள் இன்னொருவன் மூச்சு நிறைந்திருக்கும். முழங்காலும் வலித்தது. இதெல்லாம் அப்போது நல்ல காரணங்களாகவே தோன்றின. திரும்பி நடந்து நேராக நம்பியாரின் அறைக்குப் போய், சுகதன் பையோடு கிழவிக்குள் இருக்கிறான் என்று சொன்னார்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்று நம்பியார் கேட்டார்.

"பாத்தேன் சார்."

ஏறியதைப் பார்த்தார். பையைப் பார்த்தார். அதை மட்டும்தான் பார்த்தார். ஆனால் நம்பியார் ஒரு தாளில் எழுதி நீட்டியபோது, சுகதன் சாமான்களை எடுத்துப்போவதைக் கண்டதாகத்தான் அதில் இருந்தது. தேவஸ்ஸி படித்தார். பேனாவைச் சானிடைசரால் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் சுகதனை வாசல் கேட்டிலேயே நிறுத்தி அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அவன் ஸ்கூட்டரில்தான் வந்திருந்தான். தேவஸ்ஸி தூரத்திலிருந்து பார்த்தார். கூச்சல் எதுவும் கேட்கவில்லை. கொஞ்சநேரம் நின்றான், இந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தான், வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். திருடன் இல்லையென்றால் சண்டை போட்டிருப்பானே என்று தேவஸ்ஸி தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். வீட்டில் சொன்னதும் ரோசிலி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். மறுநாள் பொதியில் இறைச்சி ஒருவர் அளவுக்குத்தான் இருந்தது.

ஓணம் வந்தது, வாசலில் பூக்கோலம் போடாமலே போனது. தேவஸ்ஸி தனியாகச் சக்கரத்தை உருட்டினார், தனியாகத் தண்ணீர் வடித்தார். செய்த வேலையைப் பார்க்க இரண்டாவது ஆள் இல்லை. தானே பூட்டிய மூடியைத் தானே மூன்று தடவை போய்ப் பார்த்தார், அப்படியும் மனசு அடங்கவில்லை. தன் வேலையைத் தன் கண்ணால் சரிபார்க்க முடியாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

ஒருநாள் காலையில் காற்று ஓட்டக் கிழவிக்குள் ஏறி, விமானிகள் அறையில் டார்ச் அடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். முன்பலகையில் கறுப்புச் சதுரங்கள் நான்காகியிருந்தன.

சுகதன் போய் ஒரு மாதத்துக்குமேல் ஆகிவிட்டது.

தேவஸ்ஸி கையுறையைக் கழற்றிப் போட்டார். முட்டிபோட்டு முதல் ஓட்டைக்குள் தலையை விட்டார். பெட்டியை எடுத்தவன் பின்னால் தொங்கிய ஒயர்களை நூலால் சேர்த்துக் கட்டியிருந்தான். அந்த நூல் முடிச்சு ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் ஒரு விதம். கையெழுத்துப்போல, மாற்றிப் போட நினைத்தாலும் முடியாது. இடது கைக்காரன் சுகதனின் முடிச்சு எப்போதும் எதிர்ப்பக்கமாகப் படுத்திருக்கும். இது வலது கை முடிச்சு. இரண்டாவது ஓட்டையிலும் அதுவே. புதிய இரண்டிலும் அதுவே. நான்கும் ஒரே ஆள், யாரோ முகம் தெரியாத ஆள். முதல் நாள் வாசலில் நின்று பார்த்தாரே, அன்றைக்கே இந்த முடிச்சு இங்கேதான் இருந்தது. கையை நீட்டியிருந்தால் போதும்.

எழுந்து, சுகதன் மத்தியானங்களில் எங்கே இருந்தான் என்று பார்க்கப் பின்பக்கம் நடந்தார். கடைசி வரிசைக்கு முந்திய ஜன்னலோர இருக்கையில் பத்திரிகைத் தாள் சுத்தமாக விரித்திருந்தது. பக்கத்தில் சானிடைசர் புட்டி, ஒரு கரண்டி, பாதி தீர்ந்த எலுமிச்சை ஊறுகாய். மறுநாள் வருவோம் என்று நினைத்தவன் விட்டுப்போன சாமான்கள். தேவஸ்ஸி அந்த இருக்கையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். நேர் கீழே அடுத்த விமானத்தின் இறக்கை தெரிந்தது. இறக்கைக்குக் கீழே, மத்தியானம் அவர் உட்கார்ந்து சாப்பிடுகிற சக்கரக் கட்டை.

இறங்கி, இந்தத் தடவை கதவைத் தட்டாமலே நம்பியாரின் அறைக்குள் போனார். நம்பியார் பதறவில்லை. முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, அந்தச் சாமான்கள் ஒரு ஏற்பாட்டில் போவதாகவும், தலைமை ஆபீசிலிருந்து ராத்திரியில் ஆள் வந்து எடுப்பதாகவும், அதைத் தேவஸ்ஸி தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை என்றும் சொன்னார். கிழவி வாடகை விமானம். வாடகை பாக்கிக்காகச் சொந்தக்காரன் அதைப் பிடித்துக்கொண்டு போவதற்குள் சாமானைக் கழற்றி எடுக்கிறார்கள் என்பது கேட்காமலே புரிந்தது. குறைகிற சாமானுக்குக் கணக்குச் சொல்ல ஒரு ஆள் பெயர் வேண்டியிருந்தது என்பதும் புரிந்தது.

"அப்ப சுகதன்?" என்றார் தேவஸ்ஸி.

"எழுத்துல குடுத்தது நீங்க. நான் மேல அனுப்பினேன், அவ்வளவுதான். நீங்களும் தெரிஞ்சுக்கங்க. இந்த மாசத்தோட கொச்சி ஸ்டேஷனை மூடறாங்க. ஒருத்தர்கூட வேண்டாமாம்."

தேவஸ்ஸிக்குக் கோபம் வரவில்லை. அந்த மனிதர்மேல் ஒருநாளும் சந்தேகம் வராததை நினைத்து வெட்கம்தான் வந்தது. ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டவர், நாற்காலியைத் தள்ளிப்போட்டு உட்காரச் சொன்ன ஒருவரை மட்டும் அப்படியே நம்பியிருக்கிறார்.

சுகதனின் வீடு காலடிப் பக்கம், ஆற்றுக்குப் போகிற வழியில். தேவஸ்ஸி பஸ்ஸில் போய் இறங்கி நடந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் தார்ப்பாயைக் கட்டி, அதன்கீழே சுகதன் ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊரார் மோட்டார், மிக்சி, தையல் மெஷின் எல்லாம் வரிசையாக நின்றன. இவரைக் கண்டதும் சட்டென்று எழுந்து நாலடி பின்னால் போனான். முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அங்கயே நில்லுங்க சேட்டா. கிட்ட வராதீங்க. லதிகா இன்னிக்குத்தான் வார்டுலேர்ந்து வந்திருக்கா."

லதிகா அவன் மனைவி, நர்ஸ். வீட்டுக்குப் பின்னால் விறகு வைக்கிற சின்ன அறையின் ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. அங்கிருந்தே கையசைத்தாள். மழை ஆரம்பத்திலேயே அவளை நோய்வார்டில் போட்டுவிட்டார்கள், அதிலிருந்து அங்கேதான் வேலை என்றான் சுகதன். வீட்டுக்கு வந்தால் அந்த அறைதான், சாப்பாட்டைத் தட்டில் வைத்து வாசலில் தள்ளிவிடுவான். ஆபீசில் சொன்னால் சம்பளமில்லாமல் வீட்டில் உட்காரவைப்பார்கள், ஊரில் சொன்னால் கிணற்றடிக்குக்கூட விடமாட்டார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லையாம்.

"எங்கிட்டயுமாடா?"

"உங்ககிட்டச் சொன்னா நீங்க தூங்கியிருப்பீங்களா? ஒரு தடவை இருமினா அன்னிக்கே உயில் எழுதியிருப்பீங்க." சுகதன் சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "சர்க்கரை, நெஞ்சுல வலை. ஸ்கூட்டர்ல பின்னால ஒட்டி உக்காருவீங்க. எதிர்ல உக்காந்து வாயைத் திறந்து சாப்பிடணும். எனக்குத் தெரியாம எங்கிட்ட ஒட்டியிருந்து, உங்களுக்கு ஏதாவது ஆனா ரோசிலிச் சேச்சிக்கு நான் என்ன பதில் சொல்றது? அதான் கிழவிக்குள்ள போயிட்டேன்."

தேவஸ்ஸி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தார். பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். கடைசியில், நம்பியார் எழுதிய தாளில் கையெழுத்து தன்னுடையதுதான் என்று மட்டும் சொன்னார்.

"தெரியும் சேட்டா. கேட்ல அதைக் காட்டித்தான் கார்டை வாங்கினாங்க." சுகதன் திரும்ப வந்து உட்கார்ந்து, முகத்தை மட்டும் ஒதுக்கிக்கொண்டு மோட்டாரைக் கையில் எடுத்தான். "நம்பியார் உங்களுக்கு முன்னாடி என்னைத்தான் கூப்பிட்டாரு. அதே நாற்காலி, அதே விசாரிப்பு. தேவஸ்ஸி உள்ள போறப்ப என்ன செய்யறாருன்னு பாத்துச் சொல்லு, ஒருத்தரைத்தான் வெச்சுக்க முடியும்னாரு."

"நீ என்ன சொன்னே?"

சுகதன் இடது கையால் நட்டைத் திருகிக்கொண்டே இருந்தான். அது இறுகியதும் நிமிர்ந்தான்.

"பாக்க ஒண்ணும் இல்ல சார்னேன். எழுதிக் குடுன்னாரு, எழுதிக் குடுத்தேன். தேவஸ்ஸி எதையும் எடுக்கலேன்னு. உள்ள நீங்க என்ன செய்யறீங்கன்னு ஒருநாளும் போய்ப் பாக்கலை, பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன். நம்ம தொழில்ல அது பெரிய தப்பு, இல்ல?"

தேவஸ்ஸிக்குக் கண் மறைத்தது. முகக்கவசம் ஈரமானது. என்ன செய்வதென்று தெரியாமல், இத்தனை வருடப் பழக்கத்தில், சுகதன் இறுக்கி முடித்த நட்டைத் தொட்டுப் பார்க்கக் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டினார்.

சுகதன் மோட்டாரைக் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்துக்கொண்டான்.

"வேண்டாம் சேட்டா" என்றான், கோபமே இல்லாமல். "இதை நானே பாத்துக்கறேன்."